மலை மேல் ஒரு காது

ஹாம் உரிமம், அதாவது பொழுதுபோக்காக வானொலியில் பேசுவதற்கான அரசு அனுமதி, கைக்கு வந்த வாரத்திலேயே ஒரு ஹேண்டி (கையடக்க வானொலிக் கருவி) வாங்கிவிட்டேன். எங்கள் பக்கத்து மலையில் இருக்கும், நம் குரலை வாங்கித் திருப்பி ஒலிபரப்பும் ரிப்பீட்டரின் அலைவரிசையை நண்பர் ஒருவர் சொல்லியிருந்தார். அந்த எண்ணை மட்டும் தட்டிவிட்டு, காலை ஏழு மணிக்கு மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். 70, 80 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறவர்கள் பேசுவது அடுத்த வீட்டுத் திண்ணையில் பேசுவது போலக் கேட்டது. அவ்வளவு தெளிவு. ஒருவர் பேசி முடித்ததும் பிடிடியை, அதாவது பேசுவதற்கான பொத்தானை, அழுத்தி, உரிமத்தோடு வந்த அடையாளப் பெயரான என் கால் சைனைச் சொன்னேன். பதில் இல்லை. அடுத்தவர் பேச ஆரம்பித்துவிட்டார். மறுநாளும் அப்படியே. இரண்டு வாரம் இப்படிப் போனது. அவர்கள் எல்லாம் பல வருடப் பழக்கம், புதிதாக வருகிறவனை யார் கண்டுகொள்வார்கள் என்று மனம் நொந்துபோனது உண்மை.

பரீட்சைக்கு எனக்குச் சொல்லிக்கொடுத்த பெரியவரிடம் ஒருநாள் போனில் இதைச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “தம்பி, டோன் போட்டிருக்கியா?”

“எந்த டோன் சார்?”

“சரி, ஷிப்ட்?”

நான் பேசாமல் இருந்தேன்.

“நீ கேக்கறது அவங்களை இல்ல தம்பி, மலையைக் கேக்கற. மலைக்கு உன் குரல் கேக்குதான்னு பாத்தியா?”

ரிப்பீட்டரைப் பற்றி நான் கற்றுக்கொண்டது எல்லாமே இந்த ஒரு கேள்விக்குள் அடங்கும். புதிதாக வருகிற நண்பர்கள் பலர் நான் தடுக்கி விழுந்த அதே இடத்தில் விழுவதைப் பார்க்கிறேன், அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ரிப்பீட்டர் எதற்கு என்று பார்த்துவிடலாம். நாம் பயன்படுத்தும் இரண்டு மீட்டர் பேண்ட், அதாவது இந்தியாவில் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ், கிட்டத்தட்ட கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான் போகும். பூமி உருண்டை, அதனால் அடிவானம் குறுக்கே வந்துவிடுகிறது. ஆன்டெனா எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறதோ அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் அதன் ரேடியோ அடிவானம் கிலோமீட்டரில் வந்துவிடும். தரையில் நின்று கையில் பிடித்த ஹேண்டி ஒன்றரை மீட்டர் உயரம் என்றால் 5 கிலோமீட்டர். இரண்டு பேர் சமவெளியில் நின்றால் 10, அதுவும் நடுவில் வீடும் மரமும் இல்லாமல் இருந்தால். ஊருக்குள் இரண்டு மூன்று கிலோமீட்டர் தாண்டினாலே பெரிய விஷயம். இப்போது சேர்வராயன் மலை மாதிரி, சுற்றியுள்ள சமவெளியைவிட 1200 மீட்டர் உயரமான ஓர் இடத்தில் ஆன்டெனா இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போட்டால் 143 கிலோமீட்டர் வருகிறது. அந்த மலைக்கும் உங்களுக்கும் இடையில் தடை இல்லாவிட்டால் 5 வாட் ஹேண்டி போதும். தடை இருந்தால் கணக்கு உதவாது. அந்த மலையிலிருந்து திருச்சிப் பக்கம் பார்த்தால் கொல்லிமலை குறுக்கே நிற்கிறது, அதற்குப் பின்னால் இருப்பவருக்கு 143 என்ற எண்ணால் ஒரு பயனும் இல்லை.

ஆக, ரிப்பீட்டர் என்பது மலை உச்சியில் உட்கார்ந்திருக்கிற ஒரு காதும் ஒரு வாயும். ஓர் அலைவரிசையில் கேட்கிறது, கேட்ட அதே நொடியில் இன்னோர் அலைவரிசையில் உரக்கச் சொல்கிறது. அதன் வாய் சொல்வதைத்தான் நான் மொட்டைமாடியில் கேட்டுக்கொண்டிருந்தேன். வாய் பெரிய வாய், ஆன்டெனாவும் உயரம், அதனால் எனக்குத் தெளிவாகக் கேட்டதில் ஆச்சரியம் இல்லை. காது வேறு இடத்தில் இருந்தது. நான் வாய்க்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தேன்.

ஏன் இரண்டு அலைவரிசை? ஒரே அலைவரிசையில் கேட்டுக்கொண்டே சொல்ல முடியாது, அதன் ஒலிபரப்பியே அதன் காதைச் செவிடாக்கிவிடும். 25 வாட் அனுப்புகிற அதே ஆன்டெனாவில் ஒரு மைக்ரோவோல்ட்டிலும் சிறு பங்கான சிக்னலைக் கேட்கவேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு மீட்டரில் இந்த இரண்டுக்கும் இடையிலான வழக்கமான இடைவெளி 600 கிலோஹெர்ட்ஸ், இதைத்தான் ஷிப்ட் என்கிறோம். அந்தச் சின்ன இடைவெளியில் வாயையும் காதையும் பிரித்து வைக்கிறது டூப்ளெக்சர் என்கிற கருவி. ஆளில் பாதி உயரத்துக்கு நான்கோ ஆறோ உலோக உருளைகள் வரிசையாக நிற்கும், ஒவ்வொன்றின் தலையிலும் திருகு வைத்து நுணுக்கமாகச் சரிசெய்திருப்பார்கள். எனக்கு ரிப்பீட்டரிலேயே மிகவும் பிடித்த பாகம் அதுதான். அசையாது, சத்தம் போடாது, ஆனால் அது இல்லாவிட்டால் அந்த அறையில் உள்ள மற்ற எதுவும் வேலைக்கு ஆகாது.

உதாரணத்துக்கு ஒரு ரிப்பீட்டர் 145.700-ல் பேசுகிறது, ஷிப்ட் மைனஸ் 600 என்று சொன்னால் அது 145.100-ல் கேட்கிறது என்று அர்த்தம். உங்கள் ஹேண்டியில் 145.700 போட்டு, ஷிப்ட்டை மைனஸ் என்றும் ஆப்செட்டை (இடைவெளியின் அளவை) 0.600 என்றும் வைத்துவிட்டால், பிடிடியை அழுத்தும்போது மட்டும் அது தானாக 145.100-க்கு இறங்கும், விட்டதும் மேலே வந்துவிடும். அழுத்தும்போது திரையில் எண் மாறுகிறதா என்று கண்ணால் பாருங்கள். மாறவில்லை என்றால் ஷிப்ட் வேலை செய்யவில்லை. இதை நான் முதல் நாளே பார்த்திருந்தால் இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும்.

அடுத்தது டோன். காது திறந்தே இருந்தால் எங்கிருந்தோ வரும் இரைச்சலுக்கெல்லாம் ரிப்பீட்டர் கண் விழித்துக்கொண்டே இருக்கும். அதனால் பல ரிப்பீட்டர்களில் ஒரு பூட்டுப் போட்டிருப்பார்கள். நம் குரலுக்கு அடியில் 67 முதல் 254.1 ஹெர்ட்ஸுக்குள் ஏதாவது ஒரு குறிப்பிட்ட மெல்லிய ஒலி தொடர்ந்து போய்க்கொண்டிருந்தால்தான் அது நம்மைத் திருப்பிச் சொல்லும். 88.5 என்று சொன்னால் சரியாக 88.5, பக்கத்து எண் 85.4 ஆகாது. கேட்கிறவருக்கு இந்த ஒலி தெரியாது, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை ஹேண்டியே வடிகட்டிவிடும். இது ரகசியத்துக்கான பூட்டு இல்லை, டோன் போடாமலே யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.

இங்கே இன்னொரு குழி இருக்கிறது. ஹேண்டியில் டோனுக்கு இரண்டு இடம் உண்டு, அனுப்பும்போது சேர்ப்பதற்கு ஒன்று, கேட்கும்போது எதிர்பார்ப்பதற்கு ஒன்று. நமக்கு வேண்டியது முதலாவது. இரண்டாவதையும் போட்டுவிட்டால், ரிப்பீட்டர் தன் ஒலிபரப்பில் அந்த டோனை அனுப்பாத பட்சத்தில் உங்களுக்கு ஒன்றுமே கேட்காது, ஊரே அமைதியாகிவிட்டது போல இருக்கும். ஷிப்ட் கிடைத்த மகிழ்ச்சியில் நான் இரண்டிலும் 88.5 போட்டுவிட்டு ஒரு மாலை முழுக்க அந்த அமைதியில் உட்கார்ந்திருந்தேன்.

பேண்ட்விட்த்தை, அதாவது நம் குரல் எடுத்துக்கொள்ளும் அலைவரிசை அகலத்தை, வைடு என்று வையுங்கள், நேரோ என்று இருந்தால் உங்கள் குரல் மற்றவர்களுக்கு அடக்கமாகக் கேட்கும், “கொஞ்சம் சத்தமா பேசுங்க” என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள், நீங்கள் கத்தியும் பயன் இருக்காது. இதையெல்லாம் பொத்தான்களில் தட்டுவது கஷ்டமாக இருந்தால் கணினியில் சிர்ப் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, ஒரு கேபிள் வாங்கி இணைத்தால் எக்செல் தாள் போல வரிசையாக நிரப்பிவிடலாம். ஆனால் ஒரே ஒரு ரிப்பீட்டரையாவது கையால் தட்டிப் போடப் பழகுங்கள். வெளியூரில் போய் நிற்கும்போது கணினி கூட வராது.

அமைப்பு எல்லாம் சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வாலைக் கேளுங்கள். நீங்கள் பேசி முடித்துப் பிடிடியை விட்டதும், ரிப்பீட்டர் உடனே அணையாமல் ஒன்றிரண்டு விநாடி உயிரோடு இருக்கும், சிலவற்றில் ஒரு ‘பீப்’ வரும், அப்புறம் ‘கிஷ்’ என்று அடங்கும். அந்த வால் கேட்டால் மலைக்கு நீங்கள் கேட்டீர்கள். வால் இல்லையென்றால் கேட்கவில்லை. நான் அந்த இரண்டு வாரத்தில் எத்தனையோ முறை பிடிடியை விட்டிருக்கிறேன், ஒருமுறைகூட வால் வரவில்லை. வரவேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. வாலைச் சோதிக்க வெறுமனே பொத்தானை அழுத்தி அழுத்தி விடாதீர்கள். கால் சைன் சொல்லாமல் அலைபரப்புவது முறையும் இல்லை, விதிப்படியும் சரியில்லை. “விக்டர் யூனிஃபார்ம் த்ரீ...” (V, U, 3 என்பதை வானொலியில் சொல்லும் விதம்) என்று உங்கள் கால் சைனை முழுதாகச் சொல்லி, “டெஸ்டிங்” என்று சேர்த்தால் போதும்.

கால் சைன் என்றதும் சொல்லிவிடுகிறேன், இந்தியாவில் உரிமம் இல்லாமல் ஹேண்டியைத் தொடாதீர்கள். டபிள்யூபிசி என்ற மத்திய அரசு அமைப்பு நடத்தும் ஏஎஸ்ஓசி (ஹாம் நிலையம் இயக்குவதற்கான சான்றிதழ்) பரீட்சை எழுதவேண்டும், 12 வயது நிறைந்தவர் யாரும் எழுதலாம். தொடக்க நிலையான ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் தந்திக் குறியீடு கிடையாது, வி யூ த்ரீயில் (VU3) தொடங்கும் கால் சைன் வரும், ரிப்பீட்டரில் பேச அதுவே தாராளம். உரிமம் வரும்வரை உங்கள் ஊர் ஹாம் ஒருவர் வீட்டில் போய் உட்கார்ந்து கேளுங்கள். எங்கள் கூட்டத்தில் வீட்டுக்கு வருகிறவரைத் திருப்பி அனுப்பினதாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

இப்போது ஆன்டெனா. ஹேண்டியோடு வரும் ரப்பர் ஆன்டெனா சமாளிப்புதான், அதன் மறுபாதி நம் கையும் உடம்பும். கால் பங்கு அலை நீள வயர் என்பது 145 மெகாஹெர்ட்ஸில் சுமார் 49 சென்டிமீட்டர். அந்த நீளத்துக்கு ஒரு வயரை வெட்டி, நுனியில் உள்ள செம்பைச் சின்ன வளையமாக முறுக்கி, ஆன்டெனாவைத் திருகிக் கழற்றி அடிக்கழுத்தில் மாட்டி மறுபடி திருகினேன். வளையம் வெளிப்பக்க உலோகத்தை மட்டும்தான் தொடவேண்டும், நடு ஊசியைத் தொடக்கூடாது. வயர் வால் மாதிரி கீழே தொங்கும். அவ்வளவுதான். அதற்கு முந்தின நாள் வரை அரைகுறையாகக் கரகரத்துப் போன என் குரல், “இன்னிக்கு இரைச்சலே இல்லாம வர்றீங்களே” என்ற பேச்சை வாங்கிக்கொடுத்தது. அப்புறம் செம்புக் குழாயில் ஸ்லிம் ஜிம் என்ற ஆன்டெனா ஒன்று செய்து மாடியில் நட்டேன், அது தனிக் கதை.

ஆன்டெனாவை நேராகப் பிடியுங்கள். ரிப்பீட்டரின் ஆன்டெனா செங்குத்தாக நிற்கிறது, நீங்கள் ஹேண்டியைச் சாய்த்துப் பிடித்துப் பேசினால் சிக்னலில் பெரும்பகுதி வீண். இன்னொன்று, நிற்கும் இடம். அலை நீளமே இரண்டு மீட்டர்தான், அதனால் சுவரிலும் தொட்டியிலும் பட்டுத் திரும்புகிற அலைகள் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளும் இடங்கள் சில அடிக்கு ஒன்று இருக்கும். என் மாடியில் தொட்டியின் மேற்கு மூலையில் நின்றால் ரிப்பீட்டர் விழிக்காது, இடது பக்கம் ஓர் அடி நகர்ந்தால் விழிக்கும். அந்த இடத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். சிக்னல் சரியில்லை என்று யாராவது சொன்னால் பவரைக் கூட்டுவதற்கு முன் ஓர் அடி நகர்ந்து பாருங்கள்.

பேசும்போது பிடிடியை அழுத்திவிட்டு ஒரு விநாடி பொறுங்கள். ரிப்பீட்டர் டோனை அடையாளம் கண்டு கண் விழிக்க அந்த நேரம் வேண்டும், அவசரப்பட்டால் முதல் எழுத்து விழுங்கப்படும். வாய்க்கும் மைக்குக்கும் நான்கு விரல் இடைவெளி. சிற்றலையில் போல நீண்ட அழைப்பு எல்லாம் இங்கே தேவையில்லை. கால் சைனைச் சொல்லி “கேட்டுக்கொண்டிருக்கிறேன்” என்றால் போதும், பேச விருப்பம் உள்ளவர் வருவார். மற்றவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது சேரவேண்டுமானால் இடைவெளியில் கால் சைனை மட்டும் சொல்லுங்கள். அவர்கள் ஒவ்வொரு முறையும் வாலுக்கு இடம் விட்டுப் பேசினால்தான் உங்களுக்கு அந்த இடைவெளியே கிடைக்கும். நாளைக்கு நீங்கள் பேசும்போது இதை நினைவில் வையுங்கள், ஏனென்றால் அந்த இரண்டு விநாடியில்தான் அவசரத்தில் இருப்பவர் உள்ளே வர முடியும். சாலை விபத்து, வெள்ளம் என்று ஒரு குரல் வந்தால் மற்ற எல்லோரும் கையை எடுத்துவிடவேண்டும்.

இடைவெளி விடுவதற்கு இன்னொரு காரணம் ரிப்பீட்டருக்குள் இருக்கும் கடிகாரம். தொடர்ந்து மூன்று நிமிடம் போல ஒருவரே பேசினால் அது தானாக அணைந்துகொள்ளும், யாருடைய ஹேண்டியோ இருக்கையில் அழுந்திக் கிடந்தால் இயந்திரம் வெந்துபோகாமல் இருக்க இந்த ஏற்பாடு. பீப் வரும்வரை பொறுத்தால் கடிகாரம் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

சிக்னல் ரிப்போர்ட் பற்றி ஒரு வார்த்தை. ரிப்பீட்டர் வழியாகப் பேசுகிறவருக்கு “ஃபைவ் நைன்” (தெளிவும் வலுவும் முழு மதிப்பெண்) என்று சொல்வதில் அர்த்தமில்லை. உங்கள் சிக்னல் மீட்டரில் ஏறி நிற்பது மலையின் வலு, அவருடைய வலு இல்லை. அவர் குரல் மலைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதைக் குரலுக்குப் பின்னால் உள்ள இரைச்சலை வைத்துத்தான் சொல்ல முடியும். சுத்தமாக இருக்கிறது, கொஞ்சம் கரகரப்பு, வார்த்தை விட்டுப்போகிறது என்று சொல்லுங்கள், அதுதான் அவருக்கு உதவும்.

பக்கத்துத் தெருவில் இருப்பவரோடு ரிப்பீட்டரில் அரைமணி நேரம் பேசாதீர்கள். பல ஹேண்டிகளில் ரிவர்ஸ் என்று ஒரு பொத்தான் உண்டு, அழுத்தினால் நீங்கள் ரிப்பீட்டரின் காது இருக்கும் அலைவரிசையைக் கேட்பீர்கள். அவர் குரல் அங்கே நேரடியாகக் கேட்டால் உங்கள் இருவருக்கும் மலை தேவையில்லை, வேறு ஒரு நேரடி அலைவரிசைக்குப் போய்விடலாம்.

அந்த மலைக் கருவியைப் பார்த்துக்கொள்கிறவர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒருமுறை அவர்களோடு மேலே போனேன். பேட்டரியின் முனைகளைத் தேய்த்துச் சுத்தம் செய்தோம், கோபுரத்தில் குரங்கு கடித்த கோஆக்சியல் கேபிளுக்கு மேல் புதிதாக டேப் சுற்றினோம், இடி விழுந்தால் போய்விடும் என்று இரண்டாவதாக ஒரு எர்த் கம்பி அடித்தோம். எல்லாம் அவர்கள் கைக்காசு, ஞாயிற்றுக்கிழமை. யாரும் அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பதில்லை. உங்கள் ஊர் ரிப்பீட்டரை யார் பராமரிக்கிறார்கள் என்று விசாரித்து, முடிந்ததைக் கொடுங்கள், முடிந்தால் பேட்டரி தூக்கப் போங்கள்.

இதே பாடம் வானத்திலும் உண்டு என்பது எனக்கு இன்னும் வியப்பு. சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2020 செப்டம்பரிலிருந்து ஹாம்களுக்கான ஒரு ரிப்பீட்டர் இருக்கிறது, காது 145.990, டோன் 67, வாய் 437.800. சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் ஓடுகிற மலை. அதன் வேகத்தால் 437.800 என்பது வரும்போது 10 கிலோஹெர்ட்ஸ் மேலேயும் போகும்போது அதே அளவு கீழேயும் நகரும், அதற்கேற்ப நாம் திருகிக்கொண்டே இருக்கவேண்டும். ஷிப்ட், டோன், வால், எல்லாம் தெரிந்தவருக்கு அது புதிய விஷயமே இல்லை. தரையில் உள்ள ரிப்பீட்டரில் இரண்டு மாதம் பழகிவிட்டு அதற்குப் போங்கள்.

போன வாரம் மாலை நெட், அதாவது குறித்த நேரத்தில் ரிப்பீட்டரில் எல்லோரும் கூடும் கூட்டம், நடந்துகொண்டிருந்தது. செக்-இன் (வந்தவர்கள் கால் சைன் சொல்லிப் பதிவு செய்வது) எல்லாம் முடிந்து ஓர் இடைவெளியில், என்னவோ தோன்றி ரிவர்ஸ் பொத்தானை அழுத்தினேன். காது இருக்கும் அலைவரிசையில் ஒரு பையன் குரல், மெல்லிசாக, கால் சைனைச் சொல்லிக்கொண்டிருந்தது. பிடிடியை விட்டான், வால் இல்லை. மலை அவனைத் திருப்பிச் சொல்லவில்லை, நெட்டில் யாருக்கும் தெரியவும் இல்லை. எங்கள் ஊருக்குள்ளேயே எங்கோ இருக்கிறான் என்பதால் எனக்கு மட்டும் நேராகக் கேட்டது. மறுபடி சொன்னான். நான் டோனையும் ஷிப்ட்டையும் எடுத்துவிட்டு, அதே அலைவரிசையில் அவன் கால் சைனைச் சொல்லி அழைத்தேன். அவன் அங்கே கேட்டுக்கொண்டிருக்க மாட்டான் என்பது அப்புறம்தான் உறைத்தது, அவனுடைய காது மேலே மலையின் வாயில் அல்லவா இருக்கும். டோனைப் போட்டு, ஷிப்ட்டைச் சரிசெய்து, ரிப்பீட்டர் வழியாகவே சொன்னேன்.

“தம்பி, நீங்க எனக்குக் கேக்கறீங்க, மலைக்குக் கேக்கல. 88.5 டோன் போட்டு மறுபடி வாங்க.”

நெட்டை நடத்திக்கொண்டிருந்தவர் எல்லோரையும் பொறுக்கச் சொன்னார். நான்கு நிமிடம் யாரும் பேசவில்லை. அப்புறம் ரிப்பீட்டர் கண் விழித்தது, அவன் கால் சைன் வந்தது, முதல் எழுத்து மட்டும் விழுங்கப்பட்டிருந்தது. விட்டதும் பீப், அதன் பின்னால் வால்.